கிரகணத்தைப் பார்த்துப் பேசியவர்கள்

எங்கள் வீட்டில் கிரகணம் என்றால் அது பெண்களின் விவகாரம். வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே வரக்கூடாது, அரிவாள்மனையைத் தொடக்கூடாது. ஆண்களுக்கு அப்படி எந்தக் கட்டளையும் இருந்ததாக நினைவில்லை. அதனால்தானோ என்னவோ, எமிலி டிக்கின்சனின் கடிதம் ஒன்றில் அந்தச் சொல்லைக் கண்டதும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

1862 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரிலிருந்து அவர் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதம் அது. வீட்டாரைப் பற்றிச் சொல்லும்போது, தன்னைத் தவிர மற்ற எல்லோரும் பக்தியுள்ளவர்கள் என்கிறார். அவர்கள் தினமும் காலையில் ஒரு கிரகணத்தைப் பார்த்துப் பேசி, அதைத் ‘தந்தை’ என்று அழைக்கிறார்களாம். ஹிக்கின்சன் முன்பு பாதிரியாராக இருந்தவர். முன்பின் பார்த்திராத அவரிடம் 31 வயதுப் பெண் ஒருத்தி இப்படி எழுதுகிறாள்.

கல்லூரியில் எங்களுக்கு டிக்கின்சன் என்றால் இயற்கை, காதல், மரணம் என்று மூன்று தலைப்புகள்தான். வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் அடைந்துகிடந்த பாவப்பட்ட பெண் என்ற கதை அதற்கு முன்னுரை. அவர் எதற்கு மறுப்புச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1847-48இல் அவர் படித்த மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் மாணவிகளை ஆன்ம நிலையை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்: கிறிஸ்துவை ஏற்றவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள். எமிலி கடைசிப் பட்டியலில் நுழைந்தார், அங்கிருந்தே வெளியேறினார். 1850இல் ஊரெங்கும் சமய எழுச்சி பரவியபோது தந்தையும் தங்கை லவினியாவும் திருச்சபையில் சேர்ந்தார்கள். தோழிகளும் போனார்கள். அவர் மட்டும் கடைசிவரை சேரவில்லை. அந்த ஊரில் திருச்சபைதான் உறவு, நட்பு, மரியாதை எல்லாம். அதற்கு வெளியே நிற்கும் திருமணமாகாத பெண்ணுக்கு வேறு எந்த இடமும் கிடையாது, தந்தையின் வீட்டைத் தவிர. காலைப் பிரார்த்தனை நடத்தியதும் அதே தந்தைதான். கடிதத்தில் வரும் ‘தந்தை’ விண்ணில் மட்டும் இருப்பவர் அல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் அவர் ‘சூரியன் இல்லை’ என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரகணத்தில் சூரியன் அழிவதில்லை, மறைக்கப்படுகிறது. நாத்திகர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்ட அவசரப்படுகிறவர்கள் (நானும் ஒரு காலத்தில் அவசரப்பட்டேன்) இந்தச் சொல்லைச் சரியாகப் படிக்கவில்லை.

மறைத்தது எது? ஆம்ஹர்ஸ்ட் கல்லூரித் தலைவராக இருந்த எட்வர்ட் ஹிட்ச்காக், பாறைகளில் பதிந்த பழைய காலடித் தடங்களை ஆராய்ந்தவர். வேதமும் நிலவியலும் ஒத்துப்போகும் என்று 1851இல் ஒரு நூலே எழுதினார். ஒத்துப்போகும் என்று ஒருவர் வாதாட வேண்டிய நிலை வந்துவிட்டது! 1859இல் டார்வினின் நூல். பிறகு உள்நாட்டுப் போர். அந்தக் கடிதத்துக்கு முந்தைய மாதம், அப்போதைய கல்லூரித் தலைவரின் மகன் ஃப்ரேசர் ஸ்டெர்ன்ஸ் போரில் இறந்தான். பிரார்த்தனைகள் மட்டும் வழக்கம்போல நடந்தன.

இவ்வளவுக்கும் பிறகு அவர் எழுதியது தேவாலயத்தின் தாளத்தில்தான். சிறுவயதில் கேட்ட ஐசக் வாட்ஸின் துதிப்பாடல் சந்தம்தான் அவருடைய கவிதைகளில் பெரும்பாலானவற்றின் சந்தம். சொர்க்கம், ஞானஸ்நானம், சிலுவை எல்லாம் அவரிடம் உண்டு. நம்பியவர்கள் விட்டுப்போன பாத்திரங்களைக் கழுவி வேறொன்று சமைத்தது போல. மதத்தை விட்ட பெண்கள் அதன் மொழியையும் விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களிடம் நான் இவரைத்தான் காட்டுவேன்.

1886 மே மாதம் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கு தேவாலயத்தில் நடக்கவில்லை, வீட்டிலேயே நடந்தது. ஹிக்கின்சன் வந்து எமிலி பிராண்டியின் கவிதை ஒன்றை வாசித்தார். அந்த வீட்டில் வேலைசெய்த ஐரிஷ் தொழிலாளிகள் ஆறு பேர் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். தெரு வழியாக அல்ல, பின்கட்டு வழியே வயல்களுக்குள் நடந்து மயானத்துக்குப் போனார்கள்.