பாரசீகம் காணாத பாரசீகத் தோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டமைக்கப்பட்ட நூல்களை ஆவணக்காப்பகங்களில் புரட்டியவர் எவரும் அந்தச் செம்பொடியை அறிவர். முதுகுத்தோலைத் தொட்ட விரல் செங்காவி நிறம் கொள்ளும். மேசையெங்கும் துகள் உதிரும். வெப்பமும் ஈரமும் செய்த வேலை என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அதே அடுக்கில், அதனினும் நூறாண்டு மூத்த நூலொன்றின் தோல் உறுதி குலையாமல் இருப்பதும் உண்டு. அறையின் காற்றும் ஈரமும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆகவே காரணத்தைத் தட்பவெப்பத்தில் மட்டுமன்றித் தோலுக்குள்ளும் தேடவேண்டும்.

ஒரு தோலைப் பற்றி மூன்று வினாக்கள் கேட்கலாம். எந்த விலங்கினுடையது? எதனால் பதனிடப்பட்டது? எவ்வாறு மெருகூட்டப்பட்டது? பதனிடுதல் என்பது அழுகும் பச்சைத்தோலை அழுகாப் பொருளாக மாற்றும் வேதிவினை. மெருகூட்டல் என்பது அதன்பின் நிகழ்வது: சாயமேற்றுதல், எண்ணெயூட்டுதல், பளபளப்பாக்குதல், கோலம் பதித்தல். நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மூன்றாவது வினாவின் விடை மட்டுமே. முதலிரண்டையும் மறைக்கும் ஆற்றல் மெருகுக்கு உண்டு.

தாவரப் பதனிடுதலில் பட்டை, காய், இலை ஆகியவற்றின் துவர்ப்பொருள்கள் தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைகின்றன. இத்துவர்ப்பொருள்கள் இரு குடும்பத்தவை. சுமாக் இலை, மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றில் மிகுந்திருப்பவை ஒரு வகை. இவை தரும் தோல் வெளிர்நிறமானது, ஒளியையும் காற்றையும் ஓரளவு தாங்கவல்லது. ஆவாரம்பட்டை, வேட்டல் பட்டை போன்றவற்றில் மிகுந்திருப்பவை மற்றொரு வகை. இவை விரைந்து ஊடுருவி நல்ல தோலைத் தரும், ஆனால் ஒளிபட்டால் சிவக்கும், காற்றிலுள்ள கந்தக வாயுக்களை எளிதில் உறிஞ்சும்.

தென்னிந்தியப் பதனிடுவோர் பயன்படுத்தியது ஆவாரம்பட்டையை. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்து, சதை சீவி, பட்டைநீரில் வாரக்கணக்கில் இட்டு, கடுக்காய்நீரில் நனைத்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். இவ்வாறு ஆயத்தமான தோல் கட்டுகளாகச் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தைக்குச் சென்றது. மாட்டுத்தோல் அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்' எனப்பட்டது. ஆட்டுத்தோலுக்கு வாய்த்த பெயர் 'பெர்சியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது இந்தியத் தோலின் வணிகப் பெயர் மட்டுமே.

இத்தோல் பதனிடப்பட்டதேயன்றி மெருகூட்டப்பட்டதன்று. அவ்வேலை பிரித்தானியப் பட்டறைகளில் நடந்தது. அங்கே காரநீரில் அலசி ஆவாரந்துவர்ப்பின் ஒரு பகுதியை நீக்கினர். கந்தக அமிலக் கரைசலில் நனைத்து நிறத்தை வெளுக்கச் செய்தனர். சுமாக்கில் மீண்டும் பதனிட்டுச் சாயமேற்றினர். சாயக்கலத்திலும் நிறம் துலங்க அதே அமிலத்தைச் சேர்த்தனர். இறுதியாகச் சூடான தகட்டால் அழுத்தி, மொராக்கோ வெள்ளாட்டுத் தோலுக்குரிய புடைப்புக் கோலத்தை மலிவான செம்மறித் தோலின்மேலும் பதித்தனர். நூற்கட்டாளரின் கைக்கு வந்தபோது அது பார்வைக்கு மொராக்கோவாகவே இருந்தது.

இலண்டன் கலைக்கழகம் 1900இல் நூற்கட்டுத் தோல் குறித்து ஒரு குழுவை அமைத்தது. அதன் முடிவுகள் 1905இல் நூல்வடிவில் வெளிவந்தன. பழைய நூல்களின் தோலைவிட அண்மைக்கால நூல்களின் தோலே விரைவில் கெடுகிறது என்பதைக் குழு உறுதி செய்தது. 'பெர்சியன்' தோல் நூற்கட்டுக்குத் தகாதது என்று தீர்ப்பளித்தது. அதே குழு வேறு காரணங்களையும் எடுத்துரைத்தது: சாயமிடுகையில் கந்தக அமிலம், செயற்கைக் கோலம் பதிக்கும் அழுத்தம், மிகையாகச் சீவி மெலிதாக்குதல், நூலகங்களின் எரிவாயு விளக்குப்புகை. கந்தக அமிலம் ஆவியாகி அகலாது. தோலிலேயே தங்கி இழைகளை மெல்ல மெல்ல அறுக்கும்.

இங்கேதான் வரலாற்று மாணவர் நின்று சிந்திக்கவேண்டும். ஆவாரந்துவர்ப்புக்கு இயல்பான குறை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயின் அக்குறையுள்ள தோலைக் காலணியின் உட்புறத்துக்கன்றி நூறாண்டு நிலைக்கவேண்டிய நூலுக்கு இடுவதென்று முடிவு செய்தது யார்? அமிலத்தில் தோய்த்ததும் பொய்க்கோலம் பதித்ததும் யார்? பதனிட்ட கைகளுக்கு அம்முடிவுகளில் பங்கில்லை. தொழிலின் மிகக் கடினமான, மிக இழிவாகக் கருதப்பட்ட பகுதி இந்தியாவில், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் உழைப்பால் நடந்தது. விலையை ஏற்றிய மெருகு கடல் கடந்து நடந்தது. கெட்ட பெயர் மட்டும் இந்தியத் தோலுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் இந்தியாவின் பெயரைக்கூடத் தாங்காமல்.

இப்பிரிவினை எளிதில் மறையவில்லை. 1903இல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியப் பதனிடுதலைத் தொடங்கியதும், 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்ததும் அதை மாற்றும் முயற்சிகளே. எனினும் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973இல் அரைகுறையாக முடிந்த தோலின் ஏற்றுமதிக்கு வரம்பிடப்பட்ட பின்னரே மெருகூட்டல் பெருமளவில் இந்நாட்டுக்குத் திரும்பியது.

நூற்பட்டியல் ஆயத்தம் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மொராக்கோ' என்று எழுதுமுன் உருப்பெருக்கியால் மயிர்த்துளைகளைப் பாருங்கள். புடைப்புக் கோலம் ஒருபுறமும் துளைகளின் வரிசை மறுபுறமும் போனால் அது தகட்டின் வேலையாக இருக்கக்கூடும். செம்பொடி உதிரும் தோலுக்கு எண்ணெய் பூசாதீர்கள். அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள். உதிர்ந்த பொடியைத் துடைத்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அந்நூலின் பக்கங்கள் சொல்லாத ஒரு வணிக வரலாறு அதன் அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. அதையும் ஆவணமாகப் படிக்கவேண்டும்.