அதிகாரமும் பொறுப்பும்: இந்தியச் சட்டக் கல்வியின் ஆளுகை

இந்தியாவில் சட்டப் பட்டத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அது பல்கலைக்கழகம் வழங்கும் கல்வித் தகுதி. அதே வேளையில், நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமையைப் பெறுவதற்குச் சட்டம் விதிக்கும் முன்நிபந்தனையும் ஆகும். முதல் இயல்பின்படி அது கல்வித் துறைக்கு உரியது. இரண்டாவதன்படி அது தொழிலுக்கு உரியது. கல்வி என்னும் பொருள் 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் ஒன்றியமும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் பொதுப்பட்டியலில் இருக்க, உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் வழக்காடும் தகுதி ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. இந்த இரட்டை இயல்பிலிருந்தே சட்டக் கல்வியின் ஆளுகைச் சிக்கல் பிறக்கிறது. ஆனால் அதை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாக மட்டும் பார்ப்பவர்கள் அதைவிட ஆழமான ஒரு குறையைக் காணத் தவறுகிறார்கள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் சேர்க்கையையும் பற்றிய முடிவுகளை எடுப்பவர்கள் ஓரிடத்திலும், அந்த முடிவுகளின் விளைவை நாள்தோறும் சுமப்பவர்கள் வேறோரிடத்திலும் இருக்கிறார்கள் என்பதே அந்தக் குறை.

1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் இந்திய பார் கவுன்சிலை உருவாக்கியது. சட்டக் கல்வியை வளர்ப்பதும், அக்கல்வியை வழங்கும் பல்கலைக்கழகங்களையும் மாநில பார் கவுன்சில்களையும் கலந்தாலோசித்து அதன் தரத்தை வகுப்பதும் பார் கவுன்சிலின் பணி என்று அதன் 7ஆவது பிரிவு கூறுகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வழக்குரைஞர் பதிவுக்கு ஏற்கத்தக்கது என்று முடிவு செய்வதும், அதற்காகப் பல்கலைக்கழகங்களை நேரில் சென்று ஆய்வு செய்வதும் அதே பிரிவில் அடங்கும். கலந்தாலோசனை என்ற நிபந்தனை சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அதன் வலிமை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி பார் கவுன்சிலின் அமைப்பிலேயே கிடைக்கிறது. ஒன்றிய அரசின் தலைமை வழக்குரைஞரும் தலைமை வழக்குரைப்பாளரும் பதவி வழி உறுப்பினர்கள். மற்றவர்கள் மாநில பார் கவுன்சிலுக்கு ஒருவராக, அதன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பப்படுபவர்கள். மாநில பார் கவுன்சிலுக்கோ பதிவு பெற்ற வழக்குரைஞர்கள் வாக்களிக்கிறார்கள். அதாவது, சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் அமைப்பின் வாக்காளர்கள் நீதிமன்ற வளாகங்களில் தொழில் செய்பவர்கள். சட்ட ஆசிரியர் அந்த வாக்காளர் தொகுதிக்குள் வருவதே அரிது. தொழில் செய்யும் வழக்குரைஞர் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டின் விதிகள் அனுமதிக்கின்றன. முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்குரைஞராகத் தொழில் செய்ய முடியாது என்பது பொது விதி. ஆகவே சட்டக் கல்விக்குத் தன் முழு நேரத்தையும் கொடுக்கும் ஆசிரியர், அக்கல்வியை நெறிப்படுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு பெறுவதில்லை. ஓரிரு மணி நேரம் வந்து வகுப்பெடுத்துச் செல்லும் வழக்குரைஞர் பங்கு பெறுகிறார். இப்படியோர் ஏற்பாட்டைக் கல்விக் கொள்கை நோக்கில் நியாயப்படுத்துவது எளிதன்று.

பார் கவுன்சிலின் சட்டக் கல்விக் குழு இக்குறையை ஓரளவு ஈடு செய்யும் நோக்கில் அமைக்கப்பட்டது. பத்துப் பேர் கொண்ட அந்தக் குழுவில் ஐவர் கவுன்சில் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவர்; உறுப்பினரல்லாத ஐவரை கவுன்சிலே நியமித்துக்கொள்ளும். 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் அந்த ஐந்து இடங்களை நீதித்துறை, சட்ட அமைச்சகம், பல்கலைக்கழக மானியக் குழு, கல்வியாளர்கள் ஆகிய தரப்புகளுக்கு உரியனவாக ஆக்கின. வெளியார் என்று வரையறுக்கப்பட்ட பாதியிலும் கல்வியாளர்கள் பல தரப்புகளுள் ஒன்றாகவே நிற்கிறார்கள். அவர்களும் ஆசிரியர்களால் அனுப்பப்பட்டவர்கள் அல்லர். தங்களை நியமித்த அமைப்புக்குக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் சட்டக் கல்வியின் பொறுப்பு பார் கவுன்சிலிடம் சென்றதற்கு வரலாற்றில் வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. 1948-49இல் செயல்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவும், எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958இல் அளித்த 14ஆவது அறிக்கையும் அன்றைய சட்டக் கல்லூரிகளின் நிலையைக் கடுமையாக விமர்சித்தன. பகுதி நேர ஆசிரியர்கள், வேறு வேலை பார்த்தபடி வருகைப் பதிவுக்காக மட்டும் வந்துபோகும் மாணவர்கள், மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வுகள் என்பதே பல்கலைக்கழகங்கள் தாமாக நடத்திய சட்டக் கல்வியின் பொதுவான தோற்றமாக இருந்தது. கல்வியாளர்கள் கைவிட்ட ஒரு துறையைத் தொழில்துறை கையில் எடுத்தது என்று சொல்வது அந்தக் காலத்தைப் பொறுத்தவரை மிகையன்று. பள்ளி இறுதிப் படிப்புக்குப் பின் நேரடியாகச் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு பார் கவுன்சிலின் முயற்சியால் 1980களில் நிலைபெற்றது. பெங்களூருவின் இந்திய தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகமும் அதே முயற்சியின் விளைவே.

கர்நாடகச் சட்டமன்றம் 1986இல் இயற்றிய சட்டத்தின் வழி உருவான அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன். 1988இல் முதல் மாணவர் அணி சேர்ந்தது. மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்ட ஆண்டு, முழுநேர ஆசிரியர்கள், இடைவிடாத மதிப்பீடு, ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்கியபடியே மாணவர்கள் தொழிலைப் பயிலும் செயல்முறைக் கல்வி ஆகியவற்றை அவர் ஒரே வளாகத்தில் ஒன்றிணைத்தார். இந்தியச் சட்டக் கல்வியில் தலைமை என்ற சொல் எழும்போதெல்லாம் அவர் பெயர் முதலில் வருவது பொருத்தமானதே. எனினும் அந்த வெற்றியைத் தனி மனித ஆற்றலின் விளைவாக மட்டும் படிப்பது பின்வந்த தலைமுறைக்குத் தவறான பாடத்தைக் கற்பித்தது என்றே கருத வேண்டியிருக்கிறது. நெறிப்படுத்தும் அமைப்பே நிறுவனத்தைத் தோற்றுவித்ததால் அவருக்கு வேறெந்தச் சட்டக் கல்லூரி முதல்வருக்கும் கிடைக்காத சுதந்திரம் கிடைத்தது. இணைப்புப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமோ அரசு இயக்ககத்தின் இடமாறுதல் ஆணையோ அவரைக் கட்டுப்படுத்தவில்லை. பின்னர் மாநிலந்தோறும் தோன்றிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் அவருடைய பாடத்திட்ட வடிவத்தையும், வலிமை மிக்க துணைவேந்தர் என்ற கருத்தையும் எடுத்துக்கொண்டன. அந்தத் துணைவேந்தரைக் கேள்வி கேட்கக்கூடிய கல்விக் குழுவையும் ஆசிரியர் மன்றத்தையும் வளர்ப்பதில் அதே அக்கறை காட்டப்படவில்லை.

அதன் விளைவு 2020 செப்டம்பரில் அதே பெங்களூரு நிறுவனத்தில் வெளிப்பட்டது. கொரோனா பரவலால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கிளாட் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. மூன்று பருவ முறையில் இயங்கும் தனக்கு ஓராண்டே வீணாகிவிடும் என்று அஞ்சிய பெங்களூரு பல்கலைக்கழகம், செப்டம்பர் 3ஆம் நாள் என்லாட் என்ற தனி நுழைவுத் தேர்வை அறிவித்து, ஒன்பதே நாள்களில், 12ஆம் நாள், இணையம் வழியாக அதை நடத்தியும் முடித்தது. முன்னாள் துணைவேந்தர் ஒருவரும் மாணவர் ஒருவரின் பெற்றோரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். செப்டம்பர் 21ஆம் நாள் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு அந்த அறிவிப்பை நீக்கி, கிளாட் தேர்வின் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்தப்பட வேண்டும் என ஆணையிட்டது.

பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புக்குக் கொடுத்த உறுதியை ஓர் உறுப்பு நிறுவனம் மீறியது என்ற கோணத்திலேயே இத்தீர்ப்பு பெரும்பாலும் பேசப்பட்டது. ஆளுகை நோக்கில் அதைவிட முக்கியமானது வேறொன்று: சேர்க்கை முறையை மாற்றுவதற்குக் கல்விக் குழுவின் பரிந்துரை தேவை என்றும், அப்பரிந்துரை இன்றியே அறிவிப்பு வெளியிடப்பட்டது என்றும் நீதிமன்றம் கண்டது. கல்விக் குழு என்பது பாடத்திட்டம், தேர்வு, சேர்க்கை ஆகியவற்றின் கல்வித் தரத்துக்குப் பொறுப்பான உள் அமைப்பு. நெருக்கடியில் விரைந்து முடிவெடுப்பதே தலைமை என்ற எண்ணம் அந்த அமைப்பைத் தாண்டிச் சென்றது. ஓராண்டு வீணாகும் என்ற அச்சம் பொய்யன்று. துணைவேந்தரின் நோக்கமும் ஐயத்துக்குரியதன்று. ஆயினும் கல்விக் குழு அன்று கூடியிருந்தால், வீட்டில் கணினியும் நிலையான இணைய இணைப்பும் இல்லாத மாணவரைப் பற்றிய கேள்வி நீதிமன்றத்தில் எழுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குள் எழுந்திருக்கும். கல்விக் குழுவைக் கூட்டுவது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு இவ்வழக்கைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

வேந்தர் பதவியும் இங்கே கவனத்துக்குரியது. பெங்களூரு பல்கலைக்கழகத்தின் வேந்தர் இந்தியத் தலைமை நீதிபதி. வேறு பல தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அப்பதவியை வகிக்கிறார். அரசியல் தலையீட்டிலிருந்து நிறுவனங்களைக் காக்கும் நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது. ஆனால் வழக்குகளின் சுமைக்கு நடுவே ஒரு தலைமை நீதிபதியால் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்க முடிந்த நேரம் குறைவு. 2019இல் புதிய துணைவேந்தரின் நியமனம் தாமதமானபோது மாணவர்களே போராட வேண்டியிருந்தது. மேலும், நிறுவனத்தின் முடிவு வழக்காகும்போது அது வேந்தர் தலைமை தாங்கும் நீதிமன்றத்துக்கே செல்லக்கூடும். குறிப்பிட்ட எந்த நீதிபதியின் நேர்மையையும் பற்றிய குறை அன்று இது. தீர்ப்பளிப்பவரையும் நிர்வகிப்பவரையும் ஒரே நாற்காலியில் அமர்த்தும் ஏற்பாட்டைப் பற்றிய குறை.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் நாட்டின் சட்ட மாணவர்களில் சிறு பகுதியினருக்கே கற்பிக்கின்றன என்பதால், பெரும்பான்மையினர் படிக்கும் கல்லூரிகளையும் நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுச் சட்டக் கல்லூரி முதல்வர் ஒருவரின் நிலை இதற்குப் போதிய சான்று. அவருடைய ஆசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. நிர்வாகம் சட்டக் கல்வி இயக்ககத்தின் கீழ் உள்ளது. பாடத்திட்டமும் தேர்வும் 1997இல் தொடங்கிய டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கையில். அங்கீகாரம் டெல்லியிலுள்ள பார் கவுன்சிலிடம். 1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரியில் 2008 நவம்பர் 12ஆம் நாள் மாணவர்களுக்கிடையே நடந்த சாதி மோதலைத் தமிழகம் தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தது. விசாரணைக்கு நீதிபதி பி. சண்முகம் ஆணையம் அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்குமாகப் பிரித்து மாற்றப்பட்டது. கட்டடம் மாறியது, முதல்வரின் அதிகாரம் அப்படியே இருந்தது. நான்கு அமைப்புகள் பகிர்ந்துகொண்ட அதிகாரத்தில் எதுவும் கையில் இல்லாத ஒருவரிடம், ஒரு வளாகத்தின் சமூக அமைதிக்கான பொறுப்பு முழுவதையும் சுமத்துவது நியாயமாகாது.

பார் கவுன்சிலின் அதிகார எல்லை எங்கே முடிகிறது என்பதும் தீராத கேள்வி. பதிவுக்கு முன் பயிற்சியைக் கட்டாயமாக்கிய அதன் விதிகளை 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. 2023 பிப்ரவரியில் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வு அந்த நிலைப்பாட்டை மாற்றி, அகில இந்திய வழக்குரைஞர் தேர்வை நடத்தும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டென்று ஏற்றது. தொழிலுக்குள் நுழைபவரின் தகுதியைத் தொழில்துறை சோதிப்பது முறையே என்பதால் அந்தத் தீர்ப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் ஓராண்டு முதுகலைச் சட்டப் படிப்பை ஒழிக்கும் விதிகளைக் கவுன்சில் 2021 ஜனவரியில் அறிவிக்கையாக வெளியிட்டதை அதே அளவுகோலால் ஏற்க இயலாது. முதுகலைப் பட்டம் எவரையும் வழக்குரைஞராக ஆக்குவதில்லை. அது ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்குமான தகுதி. தொழில் நுழைவுக்காக வழங்கப்பட்ட அதிகாரம் ஆய்வுப் படிப்பு வரை நீள்வது அதன் நோக்கத்தைக் கடப்பதாகும்.

அப்படியானால் அதிகாரத்தை முழுவதுமாக ஆசிரியர்களிடம் ஒப்படைத்துவிடலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க அனுபவம் எச்சரிக்கையான விடை தருகிறது. அங்கே பாடத்திட்டம், கற்பித்தல், மதிப்பீடு, சேர்க்கை ஆகியவற்றின் முதன்மைப் பொறுப்பு கல்லூரித் தலைவரிடமும் ஆசிரியர்களிடமும் இருக்க வேண்டும் என்பதை அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் அங்கீகார நெறிகளே வலியுறுத்துகின்றன. ஆனால் 1995இல் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம், அங்கீகார நடைமுறையைக் கல்வியாளர்கள் கைப்பற்றி ஆசிரியர் ஊதியத்தை உயர்த்தும் கருவியாக்கிவிட்டார்கள் என்று போட்டித் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது; மறு ஆண்டு ஏற்பட்ட சமரச ஆணை அங்கீகாரக் குழுக்களில் அவர்களுடைய எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. டேவிட் கிளெமென்டியின் 2004ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த 2007ஆம் ஆண்டின் சட்டச் சேவைகள் சட்டம், வழக்குரைஞர்களின் நலனுக்காகப் பேசும் பணியையும் தொழிலை நெறிப்படுத்தும் பணியையும் பிரித்தது. இவ்விரண்டு அனுபவங்களிலிருந்தும் பெறத்தக்க முடிவு ஒன்றே: நிறுவனத்துக்குள் கல்வி முடிவுகள் ஆசிரியர்களுடையவையாக இருக்க வேண்டும், நிறுவனங்களுக்கு வெளியே தரத்தைச் சோதிக்கும் அமைப்பில் எந்த ஒரு தரப்பும் பெரும்பான்மை பெறக் கூடாது.

இந்தியாவில் இந்தத் திசையிலான முயற்சிகள் தோற்றதற்குக் காரணம் அவை பொறுப்பை இடம் மாற்றாமல் அதிகாரத்தை மட்டும் இடம் மாற்ற முயன்றதே. சட்ட ஆணையத்தின் 184ஆவது அறிக்கை 2002இல் சட்டக் கல்விக் குழுவின் அமைப்பைச் சீர்செய்யவும், பல்கலைக்கழக மானியக் குழுவின் தரப்பிலுள்ள சட்ட ஆசிரியர்களுடன் பயனுள்ள கலந்தாலோசனையை உறுதி செய்யவும் பரிந்துரைத்தது. அது கிடப்பில் போடப்பட்டது. பின்னர் 2011ஆம் ஆண்டின் உயர்கல்வி மசோதா சட்டக் கல்வியை ஒரு புதிய தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவர முற்பட்டபோது, 2012 ஜூலையில் வழக்குரைஞர்கள் நாடு முழுவதும் நீதிமன்றங்களைப் புறக்கணித்தனர், மசோதா சட்டமாகவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சட்டக் கல்வியையும் மருத்துவக் கல்வியையும் தான் முன்மொழிந்த பொது ஆணையத்தின் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது.

பெரிய சட்டத் திருத்தங்களுக்காகக் காத்திருப்பதால் இன்று வகுப்பறையில் இருக்கும் தலைமுறைக்குப் பயனில்லை. உடனே செய்யத்தக்கவை உள்ளன. சேர்க்கை, பாடத்திட்டம், தேர்வு தொடர்பான எந்த முடிவும் கல்விக் குழுவின் பதிவு செய்யப்பட்ட விவாதமின்றி நடைமுறைக்கு வராது என்று ஒவ்வொரு சட்டப் பல்கலைக்கழகமும் தன் துணைவிதிகளில் எழுதிக்கொள்ளலாம். அரசுச் சட்டக் கல்லூரி முதல்வருக்குச் சிறிதளவேனும் நிதியதிகாரமும், மூன்றாண்டுக்குக் குறையாத பதவிக்கால உறுதியும் அளிக்க மாநில அரசின் ஓர் ஆணை போதும். சட்டக் கல்விக் குழுவில் வெளியாருக்குரிய ஐந்து இடங்களில் மூன்றை முழுநேரச் சட்ட ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவோருக்கு ஒதுக்குவதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை: 1961ஆம் ஆண்டின் சட்டம் அந்த ஐவரை நியமிக்கும் பொறுப்பைப் பார் கவுன்சிலிடமே விட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களைக் கலந்தாலோசிக்கும் கடமையைச் சட்டம் தன்மீது சுமத்தியிருக்கிறது என்பதை ஏற்று, கவுன்சில் தன் 2008ஆம் ஆண்டு விதிகளை அவ்வாறு திருத்த முன்வர வேண்டும்.