திறப்பு நேரத் தரவு

கடை, மருந்தகம், நூலகம் முதலியவை எந்தக் கிழமையில், எந்நேரம் திறந்திருக்கும் என்பதை வரைபடத்தில் பதியும் தகவல். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் இதற்குத் தனிக் குறிச்சொல் உண்டு. கிழமைகளை ஈரெழுத்துச் சுருக்கமாகவும் நேரத்தை 24 மணி முறையிலும் எழுதுவர். இப்படிக் கிழமையும் நேரமும் சேர்ந்த விதிகளை அரைப்புள்ளி பிரிக்கும். ஒரே நாளுக்கு இரு விதிகள் வந்தால் பின்னதே செல்லும். மதிய இடைவேளை, பொது விடுமுறை ஆகியவற்றையும் குறிக்கலாம்.

இருப்பிடப் பகுப்பாய்வில் இத்தரவு தூரத்தோடு நேரத்தையும் சேர்க்கிறது. பகலில் ஐந்து மருந்தகங்கள் இயங்கும் பகுதியில் இரவு 11 மணிக்கு ஒன்றுகூடத் திறந்திராமல் போகலாம். நடைத்தொலைவை மட்டும் அளக்கும் வரைபடம் இக்குறையைக் காட்டாது. நேரங்கள் அடிக்கடி மாறுவதால், கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் பதிவது அவசியம்.