ட்யூப்லெஸ் டயர்: சாலைப் பந்தய மிதிவண்டியும் கொங்குச் சாலைகளும்

காற்றைப் பிடித்துவைக்கத் தனியே ஒரு ட்யூப் இல்லாமல், டயரும் ரிம்மும் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தித் தாமே காற்றை அடைத்துவைக்கும் அமைப்பு ட்யூப்லெஸ் டயர் எனப்படும். ஊர்விட்டு ஊர் செல்லும் நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கும், போக்குவரத்து அடைக்கப்பட்ட ஒரு சிறு பாதையைப் பலமுறை சுற்றி ஓடும் கிரிட்டீரியம் பந்தயத்துக்கும் இவ்வகை டயரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றன்று. அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை எனத் திருப்பூரைச் சுற்றி விரியும் பின்னலாடை வட்டாரத்தில் பயிற்சி செய்பவருக்கு வெயிலும் முள்ளும் காற்றும் அத்தேர்வை மேலும் கடினமாக்குகின்றன. விளம்பரங்களில் எடையே முதலிடம் பெற்றாலும், ஒரு டயரின் குணத்தைத் தீர்மானிப்பதில் அதன் ரப்பருக்குள் மறைந்திருக்கும் நூலுக்கே முதன்மையான பங்கு உண்டு.

மிதிவண்டிக்குரிய காற்றடைத்த டயர் துணித்தொழில் செழித்த நகரில்தான் உருவாயிற்று. லினன் நெசவுக்குப் பெயர்பெற்ற பெல்ஃபாஸ்டில் 1888-இல் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக ரப்பர்க் குழாயைத் துணியால் சுற்றிச் சக்கரத்தில் பொருத்தினார். 1889 மே மாதம் வில்லி ஹியூம் அதே நகரில் இத்தகைய டயர்களுடன் பந்தயங்களை வென்ற பின்னர், கெட்டி ரப்பர் டயர் பந்தயக் களத்திலிருந்து விரைவாக விலகியது. தொடக்ககால டயர்களில் நெய்த துணி பயன்பட்டதால், பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் நூல்கள் உரசிச் சூடேறி ஒன்றையொன்று அறுத்தன. நூல்களைப் பின்னாமல் பக்கம்பக்கமாக அடுக்கும் முறை இதற்குத் தீர்வாயிற்று. ட்யூபை உள்ளே வைத்துத் தைத்து ரிம்மில் பசையிட்டு ஒட்டும் ட்யூபுலர் டயர் நெடுங்காலம் பந்தயங்களில் ஆட்சி செய்தது. சாலை மிதிவண்டிக்கான ட்யூப்லெஸ் முறையை ஹட்சின்சன், ஷிமானோ நிறுவனங்கள் 2006-இல் அறிமுகப்படுத்தின. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் கடந்தே தொழில்முறை அணிகள் பரவலாக அதற்கு மாறின.

கேசிங் எனப்படும் நூலடுக்கே டயரின் உடல். திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரத்தில் இறங்கும் சிங்கிள் ஜெர்சி துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொள்வதால் துணி எல்லாப் பக்கமும் இழுபடுகிறது. டயரின் நூலடுக்கோ இதற்கு நேர்மாறானது. ரப்பர் பூசிய நைலான், பாலியஸ்டர் அல்லது பருத்தி நூல்கள் ஒன்றையொன்று கோக்காமல் இணையாகக் கிடக்க, அந்தத் தாள் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வெட்டப்பட்டு, பீடு எனப்படும் இரு விளிம்பு வடங்களுக்கிடையே எதிரெதிர்ச் சாய்வாக மடிக்கப்படுகிறது. நீளவாக்கில் இழுபடாமலும் வளைவதற்கு எளிதாகவும் இருப்பது இவ்வமைப்பின் சிறப்பு. லாரி, பேருந்து டயர்களுக்கான இத்தகைய நைலான் நூல் சென்னை மணலியிலுள்ள எஸ்.ஆர்.எஃப். ஆலையில் 1970-களிலிருந்து தயாராகிறது.

ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதை டிபிஐ என்னும் எண் காட்டுகிறது. நூல் மெலியதாக இருந்தால் இடையில் நிரப்பும் ரப்பரும் குறையும். டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி மீளும்போது சூடாக வீணாகும் ஆற்றலும் குறையும். உருளும் தடை என்பதன் பெரும்பகுதி இந்த ஆற்றல் இழப்பே. ட்யூப் இல்லாதபோது ட்யூபுக்கும் கேசிங்குக்கும் இடையிலான உரசலும் நீங்குகிறது. எனினும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. மூன்று அடுக்குகளில் தலா 110 நூல் கொண்ட டயரும் 330 என்றே குறிக்கப்படுகிறது; ஒரே அடுக்கில் 300-க்கு மேல் மெல்லிய பருத்தி நூல் கொண்ட டயரும் ஏறத்தாழ அதே எண்ணைப் பெறுகிறது. முன்னது வெட்டுக் காயத்தைத் தாங்கும். பின்னது வளைவில் தரையோடு நன்றாகப் படியும், ஆனால் ஈரத்தில் விட்டுவைத்தால் பருத்தி நூல் மக்கும். நூலின் கவுண்ட் கேட்காமல் துணி வாங்காத ஊரில், எத்தனை அடுக்கு என்று கேட்காமல் டயர் வாங்கும் பழக்கம் மாற வேண்டும்.

நொய்யல் ஆற்றங்கரையிலும் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல முள் இவ்வட்டாரத்தில் பஞ்சருக்கு முக்கியக் காரணம். ட்யூப்லெஸ் டயரின் பெரும் பயன் இங்கேதான் தெரிகிறது. சீலன்ட் எனப்படும் அடைப்புத் திரவத்தின் முதன்மைப் பொருள் பெரும்பாலும் ரப்பர்ப் பால். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கப்படுவதைப் போன்ற அப்பால், அம்மோனியா முதலியன சேர்த்து உறையாமல் காக்கப்படுகிறது. முள் குத்திய துளை வழியே காற்றோடு வெளியேறும் பால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. முள்ளைப் பிடுங்கியதும் துளை கீழ்ப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால், வெண்ணிறப் பால் ஓரிரு நொடி சீறிவிட்டு நிற்பதைக் காணலாம். அழுத்தம் மிகுந்திருந்தால் பால் உறையுமுன் பீறிட்டுத் தீர்ந்துவிடும் என்பதும், கண்ணாடி கிழித்த நீள வெட்டை அது அடைக்காது என்பதும் கவனிக்கத்தக்கவை. அத்தகைய வெட்டில் ரப்பர்த் திரி செருக வேண்டும். 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மி.லி. வரை போதும். பங்குனி முதல் வைகாசி வரையிலான வெயிலில் அது விரைவாக உலர்வதால், மாதம் ஒருமுறை பார்த்து நிரப்புவது நல்லது.

ஒரு காலத்தில் 23 மி.மீ. அகலமே பந்தய வழக்கமாக இருக்க, இன்று 28 மி.மீ. இயல்பாகிவிட்டது. 70 கிலோ எடையுள்ள ஓட்டக்காரருக்கு அவ்வகலத்தில் சுமார் 4.5 பார், அதாவது 65 பி.எஸ்.ஐ., தொடக்க அளவாகக் கொள்ளலாம். மழையில் இன்னும் குறைக்கலாம். உள்விளிம்பில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்களுக்கு 5 பார் உச்ச வரம்பு. காலைக் குளிர்ச்சியில், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 5 பார் நிரப்பிய டயருக்குள் காற்று நண்பகலில் 50 பாகையைத் தொட்டால் அழுத்தம் சுமார் 5.5 பாராக உயரும். ஆகவே கோடையில் வரம்பு வரை நிரப்புவது தவறு. டயரின் அகலம் ரிம் நிறுவனம் அனுமதித்த பட்டியலுக்குள் இருப்பதும் கட்டாயம்: 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் பந்தயத்தில் பெல்ஜிய ஓட்டக்காரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது முன்டயர் ஹுக்லெஸ் ரிம்மிலிருந்து கழன்றது, இப்பொருத்தம் குறித்த விவாதத்தை உலகெங்கும் கிளப்பியது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் இன்னொரு கணக்கும் உண்டு. ரிம்மின் வெளியகலம் டயரின் அகலத்தைவிட ஐந்து விழுக்காடேனும் கூடுதலாக இருந்தால் பக்கக்காற்று சக்கரத்தைச் சீராகத் தழுவிச் செல்லும்.

கிரிட்டீரியத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி சாய்ந்து, உடனே மீண்டும் வேகமெடுக்க வேண்டியிருப்பதால், மென்மையான ரப்பரும் இளக்கமான கேசிங்கும் கொண்ட இலேசான டயரே ஏற்றது. விரைவில் தேய்வது இங்கே பெரிய குறையன்று. பஞ்சரானவர் கடைசிச் சில சுற்றுகள் நீங்கலாக ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ விலக்குப் பெற்று மீண்டும் கூட்டத்தில் சேர விதி இடமளிப்பதால், பாதுகாப்பு அடுக்கைக் குறைத்துக்கொள்ளும் துணிவும் நியாயமானதே. நெடுஞ்சாலைப் பந்தயத்தில் அச்சலுகை இல்லை. மாற்றுச் சக்கரத்துடன் பின்தொடரும் வாகனமும் நம் ஊர்ப் பந்தயங்களில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அங்கே தரையைத் தொடும் மேல் ரப்பருக்கு அடியில் பிரேக்கர் எனப்படும் உறுதியான நூற்பட்டை உள்ள டயரைத் தேர்ந்தெடுத்துச் சில கிராம் எடையைப் பொறுத்துக்கொள்வதே சரி. 2008 டிசம்பரில் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தில் இடம்பெற்றுவரும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை போன்றவற்றில் இறங்குவோருக்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு: ரிம்மையே பிடிக்கும் பிரேக் தொடர்ந்து அழுத்தப்பட்டால் ரிம் சூடேறி டயரின் காற்றழுத்தத்தையும் ஏற்றும், டிஸ்க் பிரேக்கில் இச்சிக்கல் எழுவதில்லை. இரு வகைப் பந்தயத்துக்கும் பொதுவான ஒன்று: மேற்பரப்பின் கோடுகளும் கோலங்களும் சாலை டயரில் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை.

பொருத்தும் வேலை உள்ளூர்ப் பஞ்சர் கடையிலேயே முடியும். பந்தயச் சக்கரத்தின் மெல்லிய ப்ரெஸ்டா வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் மாட்டினால் கடையின் கம்ப்ரசர் குழாய் பொருந்திவிடும். ட்யூபுக்குக் காற்றடிப்பதுபோல் மெதுவாக அடித்தால் டயர் உட்காராது. ஒரே மூச்சில் காற்று பாயும்போது இரு பீடுகளும் ‘டப்’, ‘டப்’ என்ற ஓசையுடன் ரிம்மின் மேடையில் ஏறி அமரும். கம்ப்ரசரின் அழுத்தம் ரிம்மின் வரம்பைத் தாண்டாமல் அழுத்தமானியைப் பார்த்து நிறுத்த வேண்டும். சீலன்ட் ஊற்றி, சக்கரத்தைச் சுழற்றி, இருபக்கமும் மாற்றிப் படுக்கவைத்தபின், மறுநாள் காலை அழுத்தம் பெரிதும் குறைந்திருந்தால் டயரைக் குறை சொல்லுமுன் ரிம் டேப்பின் ஓரத்தையும் வால்வின் அடியையும் சோப்பு நீர் தடவிச் சோதிக்க வேண்டும்.