பூனைக்காலி விதையும் நரம்புச் செல் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மூலிகைச் சாறுகள் நரம்புச் செல்களைச் சிதைவிலிருந்து காக்கக்கூடும் என்னும் கருதுகோளுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாக வைக்கப்படுவது பூனைக்காலி விதை. அவ்விதையிலுள்ள லெவோடோபா, பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்திற்கு முதன்மை மருந்து. ஆகவே நரம்புச் செல்லைக் காக்கும் மருந்தை முன்னோர் அறிந்திருந்தனர் என முடிவு கட்டுவது எளிதாகிவிடுகிறது. இங்கு மூன்று வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்துள்ளன. அவற்றைக் கால வரிசையில் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்த, ஆயுர்வேத மரபுகளில் இவ்விதைக்குச் சிறப்பாகக் கூறப்படும் பயன் ஆண்மைப் பெருக்கம். சரகசம்ஹிதையில் ஆத்மகுப்தா என்னும் பெயரில் இது வாஜீகரணப் பகுதியில் இடம்பெறுகிறது. நடுக்கத்தைக் கம்பவாதம் எனக் குறிக்கும் வழக்கும் ஆயுர்வேதத்தில் உண்டு. விதையும் நோயும் ஒரே மரபில் பெயர் பெற்றிருப்பதாலேயே ஒன்று மற்றதற்கு மருந்தாக வழங்கியது என்று கொள்ள இயலாது. நூல், படலம், மருந்துச் செய்முறை ஆகியவற்றைச் சுட்டியே அதனை நிறுவுதல் வேண்டும்.

வேதியியல் வரலாறு வேறு திசையில் தொடங்குகிறது. 1913இல் பேசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் ஒருவகை அவரையினத்திலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். அதில் 2.5 கிராம் அளவைத் தாமே விழுங்கிக் கடும் வாந்திக்கு ஆளானார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து, பயோகெமிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்டனர். தமிழகத்து ஆய்வுலகம் பெருமையுடன் நினைக்கத்தக்க பணி இது. எனினும் அது ஓர் அமினோ அமிலத்தைப் பற்றிய வேதியியல் ஆய்வேயன்றி நடுக்குவாத மருந்தைத் தேடிய ஆய்வு அன்று. அவ்வாறு தேடியிருக்கவும் வாய்ப்பில்லை. டோபாவை டோபமைனாக மாற்றும் நொதியை பீட்டர் ஹோல்ட்ஸ் கண்டறிந்ததே அடுத்த ஆண்டில்தான்.

இவ்விடைவெளியை நிரப்பியது மற்றொரு மூலிகை என்பது சுவையான செய்தி. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் ரெசர்ப்பின் பிரிக்கப்பட்டது. அதனைச் செலுத்தி அசைவற்றுப்போன முயல்கள், டோபா கொடுத்தவுடன் மீண்டும் இயங்கியதை 1957இல் அர்வித் கார்ல்சன் காட்டினார். நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை எரிங்கரும் ஹார்னிகிவிச்சும் 1960இல் வெளியிட்டனர். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் உயர்ந்த அளவில் வாய்வழி மருந்தாகக் கொடுத்து வெற்றி கண்டார். பூனைக்காலி விதையின் நரம்பியல் மதிப்பு இதற்குப் பின்னரே விளங்கியது.

ஆயினும் இவையனைத்தும் ஈடுசெய்தலின் வரலாறு. காத்தலின் வரலாறு அன்று. லெவோடோபா, அழிந்த செல்கள் தராத டோபமைனை ஈடுசெய்கிறது. எஞ்சிய செல்களின் அழிவை அது தடுக்கிறதா என்பது தனி வினா. நெதர்லாந்தில் 445 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், மருந்தை உடனே தொடங்கியவர்களும் 40 வாரம் தாழ்த்தித் தொடங்கியவர்களும் 80 வார முடிவில் வேறுபடவில்லை. நோயின் போக்கை லெவோடோபா மாற்றுவதாக அவ்வாய்வு காட்டவில்லை.

எனவே பூனைக்காலிக்குக் காப்பாற்றல் உண்டெனில், அது எப்பொருளால் அவ்விதை புகழ்பெற்றதோ அப்பொருளுக்குப் புறம்பாகவே இருத்தல் வேண்டும். 2004இல் பாலா மானியம் குழுவினர் செய்த எலி ஆய்வு இவ்வகையில் நோக்கத்தக்கது. நச்சால் நரம்புப்பாதை சிதைக்கப்பட்ட எலிகளில், விதைப் பருப்புப் பொடி டோபமைன், செரட்டோனின் முதலியவற்றின் அளவை மீட்டது. செயற்கை லெவோடோபா அவ்வாறு மீட்கவில்லை. பொடியில் துணைநொதி கியூ-10 இருப்பதும் கண்டறியப்பட்டது. இது நம்பிக்கையளிக்கும் தொடக்கம் எனலாம். ஆனால் வேதிப்பொருளின் அளவு உயர்வது வேறு, செல் பிழைத்திருப்பது வேறு.

அதே ஆண்டில் வெளியான இலண்டன் ஆய்வில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் விதைப்பொடி கொடுக்கப்பட்டது. வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவும் நீண்ட நேரத்திற்கும் அது பயன் தந்தது. அவ்வாய்வு அளந்தது நோய்க்குறிகள் தணிந்த நேரத்தை. செல்கள் காக்கப்பட்டனவா என்பதை அது அளக்கவில்லை. நரம்புக் காப்புக்கு மேற்கோளாக அதனைச் சுட்டுவது பொருந்தாது.