புதுக் கண்ணாடி போட்டதும் தலை சுத்துதா? கடையில் இதைக் கேளுங்க!

பவர் மாறினால் கண் பழகச் சில நாள் ஆகும், உண்மைதான். ஆனால் மூக்கில் அழுந்துவதும், குனிந்தால் நழுவுவதும் பழகிப்போகிற விஷயமில்லை. காதுப் பக்கக் கம்பியை வளைத்துக் கொடுப்பது கடையில் சில நிமிட வேலை.

அதுக்குப் பிறகும் தலைவலியா? லென்ஸ் பவரை உங்க முன்னாடியே மெஷினில் வைத்து, டாக்டர் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்க. இரண்டு கண்மணிக்கும் இடையிலான தூரத்தையும் (கடையில் 'பி.டி.' என்பார்கள்) மறுபடி அளக்கணும். ப்ரோக்ரஸிவ் லென்ஸில் இது சில மில்லிமீட்டர் தவறினாலே சிக்கல். கடையில் எடுத்த அளவு தப்பென்றால், "போடப்போட சரியாகிடும் சார்" என்பது பதிலே இல்லை; லென்ஸை மாற்றித்தரக் கேளுங்க.

மறுத்தால், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போகணும், கண்ணாடி விலைக்கெல்லாம் மனுக் கட்டணம் கிடையாது.