பந்தும் பந்தயமும்: ஹை அலாய் ஆட்டத்தின் அமெரிக்க வரலாறு

எந்தவொரு விளையாட்டையும் அதன் சமூக, பொருளாதாரப் பின்னணியிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. பாஸ்க் மக்களின் ஹை அலாய் இதற்குத் தக்க சான்றாகும். வளைந்த பிரம்புக் கூடையைக் கையிற் பிணைத்துப் பந்தைச் சுவரில் எறியும் இவ்வாட்டத்தின் பெயர், அவர்தம் மொழியில் 'மகிழ்ச்சித் திருவிழா' எனப் பொருள்படும்.

1901இல் ஹவானாவிலும் 1926இல் மியாமியிலும் இதற்கெனத் தனி அரங்குகள் எழுந்தன. 1930களில் புளோரிடா மாநிலம் பந்தயங் கட்டுதலைச் சட்டபூர்வமாக்கியதும், திருவிழா வாணிபமாயிற்று. ஆட்டக்காரன் உழைப்பை விற்பவனானான். பாஸ்க் வீரர் பலர், விசாவுக்கும் முதலாளியையே சார்ந்திருந்த அந்நியர்.

1988இல் தமது தொழிற்சங்கத்தை அங்கீகரிக்குமாறு கோரி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உரிமையாளர் பதிலாட்களை அமர்த்தினர். மூன்றாண்டுகள் நீடித்து 1991இல் முடிவுற்ற அப்போராட்டம், அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டு வரலாற்றிலேயே மிக நீண்டதெனக் கருதப்படுகிறது.

வேலைநிறுத்தமே ஆட்டத்தை அழித்தது என்பாருளர். அது முழு உண்மையன்று. அதே 1988இல் புளோரிடா அரசு லொத்தரைத் தொடங்கியது. பின்னர் சூதாட்ட விடுதிகளும் பெருகின. பந்தயப் பணம் அவற்றை நாடிச் செல்லவே, அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சூதுப் பணம் வளர்த்ததை அப்பணமே கைவிட்டது. பாஸ்க் நாட்டிலோ மக்கள் அதனை இன்றும் ஆடுகின்றனர்.